இதை யார் கூப்பிடுகிறார்கள்?

நம் வீடுகளில் ஃபங்ஷன் என்றால் கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம். யாரையெல்லாம் கூப்பிட வேண்டும் என்று ஒரு நோட்டில் பட்டியல் போடுவோம். ஒருவர் பெயர் விட்டுப்போனால் போதும், பத்து வருடத்துக்குப் பேச்சு வார்த்தை இருக்காது. நான் முப்பத்தைந்து வருடம் பார்த்த கம்ப்யூட்டர் வேலையிலும் ஃபங்ஷன் உண்டு. ஆனால் அங்கே எல்லாம் தலைகீழ். ஃபங்ஷனைத்தான் மற்றவர்கள் கூப்பிடுவார்கள். யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று தேடிப் பட்டியல் போடுவது எங்கள் வேலை.

"கம்ப்யூட்டர்ல என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க?" என்று காலை நடையில் நண்பர்கள் கேட்பதுண்டு. புதிது புதிதாகப் புரோகிராம் எழுதினேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். எழுதியது கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் வேறு யாரோ எப்போதோ எழுதியதைப் படிப்பதிலும், இங்கே கை வைத்தால் வேறு எங்கே இடிக்கும் என்று தேடுவதிலும் போனது. இந்தத் தேடலைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. காரணம், ஒரு கம்பெனியில் இதைச் சரியாகச் செய்யாததால் ஒரு மனிதருக்கு மாதம் 257 ரூபாய் பென்ஷன் குறைந்தது. அந்தக் கதைக்குப் போகுமுன் கொஞ்சம் அடிப்படை.

ஒரே கணக்கு பல இடத்தில் தேவைப்பட்டால் அதை ஒவ்வொரு இடத்திலும் எழுதமாட்டோம். ஒரு முறை எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவோம். தேவைப்படும் இடத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். உதாரணத்துக்கு பி.எஃப். கணக்கு. மாதச் சம்பளத்துக்கு அது வேண்டும். அரியர்ஸ் கொடுக்கும்போது வேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது இறுதிக் கணக்குக்கு வேண்டும். வருடக் கடைசி ஸ்டேட்மெண்டுக்கும் வேண்டும். எல்லோரும் அந்த ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு, "பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து இவ்வளவு, எவ்வளவு பிடிக்கணும்?" என்று கேட்பார்கள். அது பதில் சொல்லும்.

இதில் வசதி என்னவென்றால், அரசாங்கம் விதியை மாற்றினால் ஓர் இடத்தில் திருத்தினால் போதும். ஆபத்தும் அதேதான். ஓர் இடத்தில் திருத்தினால் கூப்பிடுகிற அத்தனை பேருக்கும் மாறிவிடும். அதனால் கை வைக்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இதை யார் கூப்பிடுகிறார்கள்?

நான் 1981இல் கிண்டிக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் இருந்த ஒரு தொழிற்சாலையின் இ.டி.பி. பிரிவில் சேர்ந்தேன். அப்போது பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஐ.பி.எம். 1978இல் இந்தியாவை விட்டுப் போயிருந்தது. அவர்கள் விட்டுப்போன மெஷின்களை சி.எம்.சி. என்ற அரசு நிறுவனம் பராமரித்துக்கொண்டிருந்தது. எங்கள் புரோகிராம்கள் கோபால் மொழியில். ஆங்கிலத்தில் எழுதினால் வேறு மாதிரி, ஆனால் நம் வாயில் வரும்போது கோபால்தான். "ராத்திரி பூரா கோபாலோட மல்லாடிட்டு வர்றேன்" என்று நான் சொல்வதைக் கேட்டு, ஆபீசில் அப்படி ஒரு பொல்லாத அதிகாரி இருப்பதாக என் மாமியார் பல வருடம் நினைத்திருந்தார்.

அந்தக் காலத்தில் திரையில் தேடுவதெல்லாம் கிடையாது. புரோகிராமை 132 எழுத்து அகலமுள்ள தொடர் காகிதத்தில் அச்சடித்து, மேஜையில் மடிப்பு மடிப்பாக வைத்துக்கொண்டு பென்சிலும் ஸ்கேலுமாகப் படிப்போம். கடைசிப் பக்கங்களில் கம்பைலர் ஒரு பட்டியல் கொடுக்கும்: இந்தப் பெயர் இந்தப் புரோகிராமில் எந்தெந்த வரியில் வருகிறது என்று. ஆனால் அது அந்த ஒரு புரோகிராமுக்குள் மட்டும். பக்கத்து அலமாரியில் இருக்கும் இன்னொரு புரோகிராம் கூப்பிடுகிறதா என்று அதற்குத் தெரியாது.

அதற்கு எங்கள் சீனியர் ஒரு வழி வைத்திருந்தார். அவர் அக்கவுண்ட்ஸில் இருந்து இ.டி.பி.க்கு வந்தவர். கணக்கர் புத்தி. சிவப்புத் துணி அட்டை போட்ட பெரிய லெட்ஜர் ஒன்றில், பொதுவான ஃபங்ஷன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். யார் எந்தப் புரோகிராமில் அதைக் கூப்பிட்டாலும் தேதி போட்டு அந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கூப்பிடுவதை நிறுத்தினால் சிவப்பு மையில் அடிக்க வேண்டும். நாங்கள் அதற்கு "மொய் நோட்டு" என்று பெயர் வைத்திருந்தோம். யார் வந்தார், எவ்வளவு எழுதினார் என்பதெல்லாம் இருக்குமல்லவா, அதனால். லெட்ஜரில் எழுதாமல் வீட்டுக்குக் கிளம்பினால் மறுநாள் காலை மேஜையில் அந்த லெட்ஜர் விரித்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு வார்த்தை பேசமாட்டார்.

எண்பதுகளின் கடைசியில் யூனிக்ஸ் வந்தது. அதனுடன் கிரெப் என்ற ஒரு சின்னக் கட்டளை வந்தது. கென் தாம்சன் என்பவர் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் எழுதியது. 1973லேயே யூனிக்ஸில் சேர்ந்துவிட்டது. ஒரு சொல்லைக் கொடுத்தால் நூறு கோப்பானாலும் புகுந்து, அது வரும் வரிகளையெல்லாம் எடுத்து நீட்டிவிடும். லெட்ஜர் புரட்டிப் பழகிய எங்களுக்கு அது மாயாஜாலமாக இருந்தது. லெட்ஜர் மெதுவாக அலமாரிக்கு மேலே போய்விட்டது.

ஆனால் கிரெப்புக்குத் தெரிந்தது எழுத்து மட்டும். கூப்பிடுவதற்கும் பேச்சுவாக்கில் பெயரைச் சொல்வதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. "முன்பு இந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டோம், இப்போது இல்லை" என்று யாராவது குறிப்பு எழுதியிருந்தால் அதையும் கொண்டுவந்து காட்டும். ராமன் என்று தேடினால் ராமநாதனும் வருவார், சீதாராமனும் வருவார். அதிகமாக வருவது பரவாயில்லை. உட்கார்ந்து தள்ளிவிடலாம். வராமல் போவதுதான் ஆபத்து. அதற்குத்தான் இப்போது வருகிறேன்.

இதற்கிடையில் 1998, 99இல் ஒய்2கே வந்தது. வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த பழைய புரோகிராம்கள் 2000ஆம் ஆண்டை 1900 என்று நினைத்துவிடுமே என்ற பயம் உலகம் முழுக்க. 1984இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் வளாகத்தில் துணி, எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளோடு மென்பொருள் கம்பெனிகளும் இருந்தன. காலையில் சானடோரியம் ஸ்டேஷனில் கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த நாட்களில் அவர்களில் பலர் செய்தது இதே வேலைதான். தேதி எங்கே வருகிறது, தேதிக் கணக்கை யார் கூப்பிடுகிறார்கள் என்று பட்டியல் போடுவது. திருத்துவது அதற்கப்புறம். கண்டுபிடிக்கத்தான் நாளாகும், திருத்துவது சில நிமிடம்.

இனி அந்த 257 ரூபாய் கதை.

2004இல் நான் வேறொரு கம்பெனிக்கு மாறியிருந்தேன். பெயர் வேண்டாம். 2007 கடைசியில் ஒருநாள், அங்கே கேண்டீனில் வேலை பார்த்து அந்த ஜூன் மாதம் ஓய்வுபெற்ற ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் மஞ்சள் பை. அதற்குள் பென்ஷன் ஆர்டரின் ஜெராக்ஸ் இரண்டு. ஒன்று அவருடையது. இன்னொன்று, அவரோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்து, அதே ஜூனில் ஓய்வுபெற்ற கம்பெனி டிரைவருடையது.

"சார், பழைய சர்வீசுக்கு ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் போட்டிருக்காங்க. 95க்கு அப்புறம் உள்ள சர்வீசுக்கு அவருக்கு 1,114. எனக்கு 857. ரெண்டு பேருக்கும் சம்பளம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

பென்ஷன் வாங்குகிற நண்பர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1995 நவம்பர் 16 முதல் வந்த திட்டப்படி, பென்ஷனுக்கு உரிய சம்பளத்தை சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 95 நவம்பரிலிருந்து 2007 ஜூன் வரை பதினோரு வருடம் ஏழு மாதம். ஆறு மாதத்துக்கு மேல் என்பதால் 12 வருடம் என்று கொள்வார்கள். ஆனால் பென்ஷனுக்கு உரிய சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 1994 அக்டோபர் முதல் அது 5,000 ரூபாய். 2001 ஜூன் 1 முதல் 6,500. இப்போது போட்டுப் பாருங்கள். 6,500ஐ 12ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் 1,114. 5,000 என்று வைத்துப் போட்டால் 857. அதாவது டிரைவருக்கு 2001இல் உச்சவரம்பு உயர்ந்தது. கேண்டீன்காரருக்கு உயரவே இல்லை.

ஆறு வருடம் இது ஏன் ஒருவர் கண்ணிலும் படவில்லை? அதுதான் இதில் வேடிக்கை. தொழிலாளி பங்கு 12 சதவீதம், கம்பெனி பங்கு 12 சதவீதம். கம்பெனி பங்கிலிருந்து 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போகும். 6,500 உச்சவரம்பில் அது 541 ரூபாய். 5,000 உச்சவரம்பில் 417. இந்தக் கம்பெனி முழுச் சம்பளத்துக்கும் 12 சதவீதம் கட்டுகிற கம்பெனி. ஆகவே பென்ஷனுக்குப் போகாத 124 ரூபாய் அவருடைய பி.எஃப். கணக்கிலேயே தங்கிவிட்டது. மொத்தம் கூட்டினால் பைசா சுத்தமாக டேலி ஆகும். கையில் வாங்கும் சம்பளத்திலும் வித்தியாசம் இல்லை. ஆடிட்டரும் மொத்தத்தைத்தான் பார்த்தார். கூட்டல் சரியாக இருந்தால் யார் உள்ளே குடைவார்கள்?

நான் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். 2001இல் உச்சவரம்பு மாறியபோது அந்த வேலையை வெளியே ஒரு ஏஜென்சியிடம் கொடுத்திருந்தார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. முறையாகத்தான் தேடியிருக்கிறார்கள். பி.எஃப். கணக்குக்கு இரண்டு ஃபங்ஷன் இருந்தது. ஒன்று புதியது, இன்னொன்று பழையது. புதியதை யார் கூப்பிடுகிறார்கள் என்று தேடி ஏழு இடம் கண்டுபிடித்து ஏழையும் சோதித்திருக்கிறார்கள். பழையதை யார் கூப்பிடுகிறார்கள் என்றும் தேடியிருக்கிறார்கள். ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. கோப்பில் அழகான கையெழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. தமிழில் சொன்னால்: "யாரும் கூப்பிடவில்லை. பயன்பாட்டில் இல்லை." அதனால் பழையதை அப்படியே விட்டுவிட்டார்கள். அதற்குள்ளே 5,000 உட்கார்ந்திருந்தது.

யாரும் கூப்பிடாத ஃபங்ஷன் எப்படி ஒருவர் பென்ஷனைக் குறைக்கும்?

நான் அந்தப் பழைய ஃபங்ஷனுக்குள் இரண்டே வரி சேர்த்தேன். யார் கூப்பிட்டாலும், கூப்பிட்ட நேரத்தையும் ஊழியர் எண்ணையும் ஒரு தனிக் கோப்பில் எழுதி வை என்று. நமது வாட்ச்மேன் வாசலில் வைத்திருக்கும் விசிட்டர் நோட்டு மாதிரி. அந்த மாதச் சம்பளம் ஓடிய இரவு மறுநாள் வந்து பார்த்தால் 38 வரி. கேண்டீனில் அப்போது இருந்தவர்கள் சரியாக 38 பேர்.

பிறகு அங்கிருந்து பின்னால் நடந்து போனேன். சம்பளப் புரோகிராமில் ஃபங்ஷனின் பெயர் நேராக எழுதப்படவில்லை. "இந்தப் பிரிவு ஊழியருக்கு என்ன பெயர் போட்டிருக்கிறதோ அதைக் கூப்பிடு" என்று எழுதியிருந்தது. பெயர்கள் எல்லாம் ஒரு தனி அட்டவணைக் கோப்பில். தொழிலாளர், ஸ்டாஃப், டிரைவர் ஆகியோருக்கு எதிரே புதிய ஃபங்ஷனின் பெயர். கேண்டீனுக்கு எதிரே மட்டும் பழையதின் பெயர். புரோகிராம்களில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பெயர் புரோகிராமிலேயே இல்லையே!

இப்படி எழுதுவது தவறில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதிதாக ஒரு பிரிவு வந்தால் புரோகிராமைத் தொடாமல் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்ற வசதிக்காகத்தான் செய்வது. பெரிய பெரிய மென்பொருள்களே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. உலகம் முழுக்கக் கம்பெனிகள் வைத்திருக்கும் சாப் மென்பொருளில் எந்த வகை ரசீதை எந்தப் புரோகிராம் அச்சடிக்க வேண்டும் என்பது ஓர் அட்டவணையில்தான் இருக்கும். தவறு, "தேடினேன், கிடைக்கவில்லை" என்பதை "இல்லை" என்று எழுதியதில் இருந்தது.

இந்த இடத்தில் எனக்கு உ.வே.சா. நினைவுதான் வரும். அவர் கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார், 1887இல் வெளிவந்தது. அதற்கு நச்சினார்க்கினியர் உரை. அந்த உரையாசிரியர் வேறு நூல்களிலிருந்து வரிகளை எடுத்துக் காட்டுவார், ஆனால் எந்த நூல் என்று பெயர் சொல்லமாட்டார். பிறரும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று முடித்துவிடுவார். பெயர் இல்லை என்பதற்காக நூலே இல்லை என்று தாத்தா நினைத்தாரா? ஏடு ஏடாகத் தேடினார். அந்த மேற்கோள்கள் பல சங்க நூல்களில் இருந்து வந்தவை என்று தெரிந்தது. பின்னால் அவர் பதிப்பித்த நூல்களில் அகராதிகளும் குறிப்புகளும் எவ்வளவு அக்கறையாகச் சேர்த்திருக்கிறார் என்று புரட்டிப் பார்த்தால் தெரியும். எந்தச் சொல் எங்கே வருகிறது என்று அடுத்தவன் தேடி அலையக்கூடாது என்ற எண்ணம். எங்கள் சீனியரின் மொய் நோட்டும் அந்த ஜாதிதான்.

கேண்டீன்காரர் விஷயம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கம்பெனி தரப்பில் முதலில், "அவருக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லையே, அந்தப் பணம் பி.எஃப்.ல சேர்ந்து வாங்கிட்டாரே" என்றார்கள். வாங்கினார்தான். மாதம் 124 வீதம் ஆறு வருடத்துக்கு ஒன்பதாயிரம் சொச்சமும் வட்டியும். ஆனால் மாதா மாதம் 257 என்றால் நான்கு வருடத்துக்குள் அதைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு அவர் இருக்கும்வரை, அவருக்குப் பின் அவர் மனைவிக்கு அதில் பாதி. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டியதும் பர்சனல் மேனேஜர் மறுபேச்சுப் பேசவில்லை. மற்ற 38 பேருக்கும் சேர்த்துத் திருத்திய படிவங்கள் போயின. கடைசியில் அவருக்கு 1,114 ஆனது, அரியர்ஸோடு.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஆறேழு வால்வு இருக்கும். எது எந்த வீட்டுக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. பிளம்பர் என்ன செய்வார்? "ஒண்ணொண்ணா மூடிப் பாப்போம் சார். யார் கத்துறாங்களோ அவங்க வீட்டு வால்வு." தண்ணீர் விஷயத்தில் இது நடக்கும். ஐந்து நிமிடத்தில் மூன்றாம் மாடி மாமி கத்துவார். புரோகிராம்களிலும் பல பேர் இப்படித்தான் செய்கிறார்கள். பழையதை எடுத்துவிடு, யாராவது கத்தினால் பார்த்துக்கொள்ளலாம் என்று. பில் அச்சடிப்பது நின்றால் அன்றைக்கே கத்துவார்கள். பென்ஷன் விஷயத்தில் அப்படி இல்லை. வால்வை மூடியது 2001இல். சத்தம் வந்தது 2007இல். அதுவும் அவருக்குப் பக்கத்தில் ஒரு டிரைவர் இருந்ததால். அந்த டிரைவர் அதே மாதம் ஓய்வு பெறாமல் இருந்திருந்தால், ஜெராக்ஸ் கொடுக்காமல் இருந்திருந்தால், சத்தமே வந்திருக்காது.

சில வருடங்கள் கழித்து அந்தக் கம்பெனியிலும் சாப் வந்தது. அதில் ஒரு ஃபங்ஷனைத் திறந்துவைத்துக்கொண்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் "எங்கே பயன்படுகிறது" என்று பட்டியலே வந்துவிடும். கிரெப் மாதிரி வெறும் எழுத்தைப் பார்ப்பதில்லை. எது நிஜமாகக் கூப்பிடுகிறது, எது வெறும் குறிப்பு என்று பிரித்துத் தெரிந்துவைத்திருக்கும். நல்ல வசதி. ஆனால் அதற்கும் அதே கண் மறைவு உண்டு. பெயர் நேராக எழுதப்பட்டிருந்தால் காட்டும். பெயர் ஓர் அட்டவணையிலிருந்து வருவதாக இருந்தால் காட்டாது.

2014 ஆகஸ்ட் 22ஆம் தேதி அரசாணை வந்தது. செப்டம்பர் 1 முதல் உச்சவரம்பு 6,500இலிருந்து 15,000. பென்ஷன் பங்கு 541 என்பது 1,250 ஆகும். கடைசி 12 மாதச் சராசரி என்று இருந்தது 60 மாதச் சராசரியாக மாறியது. செப்டம்பர் முதல் தேதிக்குப் பிறகு 15,000க்கு மேல் சம்பளத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பென்ஷன் திட்டமே கிடையாது. இவ்வளவுக்கும் எங்களுக்கு இருந்தது பத்து நாள்.

சப்போர்ட் டீமில் ஒரு பெண். பல்லாவரத்திலிருந்து வருவாள், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். கெட்டிக்காரி. அன்று மாலையே பட்டியலோடு வந்து நின்றாள்.

"சார், நாலு இடத்துல கூப்பிடுது. நாலையும் டெஸ்ட் பண்ணிடலாம்."

"நல்லதும்மா. கேண்டீன் ஆளுங்களுக்கு எங்க போடுறோம்?"

"அதே ஃபங்ஷன்தான் சார்."

"பாதி மாசத்துல ரிட்டயர் ஆறவங்களுக்கு?"

கொஞ்சம் யோசித்தாள். "லிஸ்ட்ல இல்லையே சார்."

"லிஸ்ட்ல இல்ல. ரிட்டயர் ஆறாங்களே?"

அவளுக்குப் பொறி தட்டிவிட்டது. போய் புரோகிராம்களில் தேடாமல் அட்டவணைகளுக்குள் தேடினாள். ஃபங்ஷன் பெயரை ஒரு சொல்லாகப் பாவித்து, தரவில் எங்காவது இருக்கிறதா என்று. இறுதிக் கணக்குக்கான அட்டவணையில் கிடைத்தது, ஐந்தாவது இடம். அதோடு நிற்கவில்லை. ஃபங்ஷனின் பெயரை விட்டுவிட்டு 6500, 541 என்ற எண்களையே தேடலாமா என்று அவளே கேட்டாள். எனக்குத் தோன்றாத யோசனை. தேடியதில் குப்பையும் நிறைய வந்தது. ஒரு உதிரி பாகத்தின் எண்கூட 6500 என்று முடிந்தது. அதற்கு நடுவே சலான் அச்சடிக்கும் ஒரு ரிப்போர்ட்டில் 541 என்று யாரோ நேராகவே எழுதிவைத்திருந்தது அகப்பட்டது. அது ஃபங்ஷனைக் கூப்பிடவே இல்லை; கூப்பிட வேண்டியது, கூப்பிடாமல் தானே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவர் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்.

அரியர்ஸுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. செப்டம்பருக்குப் பிறகு கொடுத்தாலும், ஆகஸ்டுக்கு உரிய பணம் என்றால் பழைய 6,500தான். அதையும் சோதித்தோம். ஆகஸ்ட் 31 இரவு பதினோரு மணிக்கு முடித்துக்கொண்டு கிளம்பினோம். அவள் அப்பா ஸ்கூட்டரில் வந்து வாசலில் காத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவள் ஒரு காரியம் செய்தாள். கம்ப்யூட்டரிலேயே ஒரு பக்கம் திறந்து, பி.எஃப். ஃபங்ஷனைக் கூப்பிடுகிற ஐந்து இடங்களையும், கூப்பிடாமல் தானே கணக்குப் போடுகிற அந்த ஒன்றையும் எழுதி, தேதி போட்டு, தன் பெயரையும் போட்டிருந்தாள். நான் லெட்ஜர் கதையை அவளிடம் சொன்னதே இல்லை. 

ஓய்வுபெற்று வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது கம்ப்யூட்டரிடமே "இதை யார் கூப்பிடுகிறார்கள்?" என்று பேச்சு மொழியில் கேட்டால் பதில் சொல்கிறதாம். நல்லதுதான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான்கு இடம் என்று எந்த மெஷின் சொன்னாலும், இந்தக் கணக்கு யாருக்கெல்லாம் பொருந்த வேண்டும் என்று மனிதர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு பட்டியல் போட வேண்டும். தொழிலாளி, டிரைவர், கேண்டீன், பாதி மாதத்தில் ஓய்வு பெறுகிறவர், பணியில் இறந்துபோனவரின் குடும்பம். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓட்டை தானே தெரியும்.

2022 நவம்பர் 4ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, அதிகப் பென்ஷனுக்கு விண்ணப்பம் போட நம்மில் பலர் அலைந்தோமல்லவா? இருபது, முப்பது வருடச் சம்பள விவரத்தைக் கம்பெனிகளிடம் கேட்டார்கள். யாரோ 1995இல் எழுதிய கணக்கு அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் பழசாகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அதை நம்பி இருக்கிறவருக்கு அது இன்றைக்கும் புதுசுதான்.

கடைசியாக நடைமுறைக்கு ஒன்று. உங்கள் பிள்ளைகள் வேலையில் இருந்தால் அவர்களுடைய பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தொழிலாளி பங்கு, கம்பெனி பங்கு, பென்ஷன் பங்கு என்று மூன்று பத்தி இருக்கும். எல்லோரும் முதல் இரண்டைப் பார்த்துக் கூட்டிச் சந்தோஷப்பட்டு மூடிவிடுவார்கள். மூன்றாவது பத்தியைப் பாருங்கள். பென்ஷன் திட்டத்தில் இருந்து, பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 15,000 அல்லது அதற்கு மேல் வாங்குகிறவர் என்றால், 2014 செப்டம்பரிலிருந்து மாதா மாதம் 1,250 என்று இருக்க வேண்டும். சம்பளமில்லா விடுப்பு எடுத்த மாதத்தில் குறையலாம். மற்றபடி வேறு எண் இருந்தால் கம்பெனியில் இப்போதே போய்க் கேட்கச் சொல்லுங்கள். இப்போது கேட்டால் அது ஒரு சந்தேகம். 58 வயதில் கேட்டால் அது ஒரு வழக்கு.